பத்து நாளுக்கு ஒரே ஒரு பகுதி: உணவும் ஒயினும் தேடிப் பயணம் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "எனக்கும் மனைவிக்கும் பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு உணவையும் ஒயின் விளையும் இடங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பாரிஸ், பர்கண்டி, பார்சலோனா, டஸ்கனி, போர்ட்டோ என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனைவி குடிக்கமாட்டார். எப்படித் திட்டமிடுவது?"

பட்டியலில் இருக்கும் ஐந்தில் நான்கை அடித்துவிடுங்கள். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் இதைவிட உபயோகமான யோசனை என்னிடம் இல்லை. நானும் முதல் தடவை பன்னிரண்டு நாளில் மூன்று நாடுகளைச் சுற்றினேன். திரும்பி வந்தபோது படங்கள் நிறைய இருந்தன. எந்தச் சுவை எந்த ஊருடையது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு சின்னத் துறைமுக ஊரில் எட்டு நாள் தங்கினேன். நான்காம் நாள் காலை, தினமும் காபி குடித்த கடைக்காரர் தானாகவே சொன்னார்: "நேற்றுக் காற்று அதிகம், படகுகள் போகவில்லை. இன்றைக்கு எங்கேயும் மீன் கேட்காதே, கொண்டைக்கடலையும் கீரையும் கேள்." மூன்று நாள் முகம் காட்டியதால் கிடைத்த யோசனை அது. அன்று சாப்பிட்ட கீரை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒரு ஊரின் சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். மண், காற்று, ஆற்றின் வளைவு, பழைய மடம், பழைய சட்டம், ஏதோ ஒன்று. அந்தக் காரணத்தைக் காலையில் கண்ணால் பார்த்துவிட்டு மாலையில் அதையே சாப்பிட்டால் சுவை மனதில் தங்கிவிடுகிறது. தட்டை மட்டும் பார்ப்பதென்றால் எந்தப் பெருநகரத்தின் நல்ல உணவகமும் போதும். அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே ஒரு விஷயம்தான் பார்ப்பேன்: விளைகிற இடம், செய்கிற இடம், சாப்பிடுகிற இடம் மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றனவா?

உங்கள் பட்டியலில் இல்லாத இடம்தான், ஆனாலும் உதாரணத்துக்கு ஸ்பெயினின் தென்மேற்கு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெரெஸ், எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியா, சான்லூகார் தெ பர்ராமெதா என்ற மூன்று ஊர்கள் அங்கே ஒரு முக்கோணமாக இருக்கின்றன. ஷெரி ஒயின் பெரும்பாலும் முதிர்வது இந்த முக்கோணத்தில்தான். ஹெரெஸ் என்ற பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெரி ஆனது. ஊருக்கு வெளியே தோட்டங்களுக்குப் போனால் முதலில் கண் கூசும். மண் அவ்வளவு வெள்ளை. அல்பரீசா என்கிறார்கள், சுண்ணாம்பு மிகுந்த மண். குளிர்கால மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் மேற்பரப்பு இறுகி ஓடு போலாகிவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. மழையே இல்லாத வெயில் மாதங்களிலும் பலோமினோ திராட்சைக் கொடி பச்சையாக நிற்பது அதனால்தான்.

அங்கிருந்து ஒயின் முதிரும் கூடத்துக்குப் போங்கள். போதேகா என்று பெயர். பாதாள அறையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அது தேவாலயம் மாதிரி உயர்ந்த கட்டடம். கனத்த சுவர், உயரத்தில் ஜன்னல்கள், அவற்றில் கோரைத் தட்டிகள். தரை வெறும் மண். கோடையில் அதில் தண்ணீர் தெளித்து வைக்கிறார்கள். கடலில் இருந்து வரும் காற்றை உள்ளே விட்டு, குளிர்ச்சியையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் ஏற்பாடு. இத்தனையும் ஓர் ஈஸ்ட் படலத்துக்காக. 600 லிட்டர் பீப்பாயை நிரப்பாமல் சுமார் 500 லிட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய இடத்தில், ஒயினின் மேல், வெளிறிய ஆடை ஒன்று படர்கிறது. அதன் பெயர் ஃப்ளோர். ஸ்பானிய மொழியில் பூ என்று அர்த்தம். ஈரத்தில் கிடந்த பண்டத்தின் மேல் படர்வதைத் தமிழிலும் பூத்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் அதே கண், அதே சொல். அந்தப் பூ ஒயினைக் காற்றுப் படாமல் காக்கிறது. பாதாம் வாசனையும் புளித்த மாவின் வாசனையும் கலந்தது போன்ற ஒரு மணத்தையும் தருகிறது. ஆல்கஹால் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும்வரை அது உயிரோடு இருக்கும். 17க்கு ஏற்றிவிட்டால் பூ செத்துப்போகும், ஒயின் காற்றோடு சேர்ந்து பழுப்பேறும். அது ஒலோரோசோ என்ற வேறு வகை.

கூடத்தில் இருப்பவர் வெனென்சியாவை எடுத்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நீளமான, வளைந்துகொடுக்கும் கைப்பிடி. நுனியில் பீப்பாயின் துளைக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான குவளை. அதைச் செங்குத்தாகச் சட்டென்று இறக்கி எடுப்பார், பூ கலையாது. பிறகு தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே பிடித்த கண்ணாடிக் கோப்பைக்குள் நூல் இழுத்தாற்போல ஊற்றுவார்.

ஹெரெஸில் இப்படிப் பூவுக்கு அடியில் முதிர்ந்த ஒயின் ஃபினோ. இதே திராட்சை, இதே முறை, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள், குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சான்லூகாரில் முதிர்ந்தால் மன்சனீயா. கடற்காற்றின் ஈரத்தில் பூ இன்னும் தடிமனாகப் படர்கிறது, ஒயின் இன்னும் மெலிந்து வருகிறது. காலையில் அங்கே ஒரு கோப்பை, மதியம் இங்கே ஒரு கோப்பை என்று குடித்தால், ஒன்றும் தெரியாத நாக்குக்கும் வித்தியாசம் தெரியும். ஒயின் படிப்பின் முதல் பாடம் இதுதான், அதை நூறு புத்தகத்தைவிட அந்த ஒரு நாள் நன்றாகச் சொல்லித்தரும். சான்லூகாரில் பாஹோ தெ கீயா என்ற ஆற்றங்கரைப் பகுதியில் உட்காருங்கள். எதிர்க்கரையில் தோஞ்ஞானா காட்டின் மணல் தெரியும். தட்டில் உப்புப் போட்டு வேகவைத்த இறால் வரும். இன்னொரு தட்டில் பொடி இறாலைக் கடலைமாவும் கோதுமைமாவும் கரைத்த கலவையில் போட்டு, ஓரம் சல்லடை சல்லடையாகும்படி மெல்லிதாகப் பொரித்த அடை. அதை ஒரு கடி கடித்துவிட்டுக் குளிர்ந்த மன்சனீயாவை ஒரு வாய் குடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய், அடுத்த கடிக்கு நாக்கு தயாராகிவிடும்.

சரி, மனைவி குடிக்கமாட்டார் என்றீர்கள். அது ஒரு தடையே இல்லை, சொல்லப்போனால் அவருக்காகவே நான் இத்தாலியின் எமிலியா-ரோமாஞ்ஞாவைச் சொல்வேன். பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா, போலோஞ்ஞா நான்கும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன.

அங்கே பார்மிஜானோ ரெஜ்ஜானோ செய்யும் பால்பண்ணைக்கு விடியற்காலையில் போக வேண்டும். முந்தின மாலைப் பாலை இரவு முழுக்க வைத்து, மிதந்த ஏட்டை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு கலப்பார்கள். மணி கவிழ்த்த வடிவத்தில் செப்புக் கொப்பரைகள். உறை ஊற்றினால் பத்து நிமிடத்தில் பால் இறுகிவிடும். கம்பிக் கூண்டு மாதிரி ஒரு பெரிய துடுப்பால் அதை அரிசி மணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். துகள்கள் அடியில் போய் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அப்புறம்தான் பார்க்க வேண்டிய காட்சி: இரண்டு பேர் குனிந்து, மரத் துடுப்பால் அந்த உருண்டையைத் தூக்கி, துணியில் கட்டித் தொங்கவிட்டு, கத்தியால் இரண்டாக அறுக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றுதான் அவற்றைச் சொல்கிறார்கள். ஒரு சக்கரத்துக்கு சுமார் 550 லிட்டர் பால். எடை 40 கிலோ அளவில் இருக்கும். பசுவுக்கு ஞாயிறு என்று தெரியாது என்பதால் வருஷம் முழுக்க, விடுமுறை இல்லாமல் இந்த வேலை நடக்கிறது. குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகு ஒருவர் சின்னச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டித் தட்டிக் கேட்பார். உள்ளே விரிசலோ பொத்தலோ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். (சைவம் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் என்றால் ஒன்று: இந்தச் சீஸுக்கு ஊற்றும் உறை கன்றின் வயிற்றில் இருந்து எடுப்பது. போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.)

சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிந்த தண்ணீரைப் பன்றிகளுக்கு ஊற்றுகிறார்கள். பார்மாவின் பன்றித் தொடைக் கறி அங்கிருந்து வருகிறது. அந்த ஊர் ஒயின் லாம்ப்ரூஸ்கோ, நுரைக்கும் சிவப்பு ஒயின். முன்பு அதை மட்டமாக நினைத்திருந்தேன். கொழுத்த கறியும் சீஸும் இருக்கும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நுரையும் புளிப்பும் ஏன் என்று புரிந்தது. கனமான சிவப்பு ஒயின் அங்கே மூன்றாவது வாய்க்குத் தாங்காது.

மோதெனாவில் வீட்டுப் பரணில் காடி, அதாவது வினிகர், முதிரும் இடத்தை மனைவியோடு பாருங்கள். பரம்பரை முறைப் பால்சாமிக் காடி என்பது காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாறு. பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வைத்த பீப்பாய்களில், மிகச் சிறியதில் இருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அதை அடுத்த பெரியதால் நிரப்பி, இப்படியே பின்னோக்கிப் போகிறார்கள். குறைந்தபட்சம் 12 வருஷம். உயர்ந்த வகைக்கு 25. பரணில் வைப்பதற்கும் காரணம் உண்டு: கோடைச் சூடு அதைச் சுண்டவைக்கும், குளிர்காலம் அமைதிப்படுத்தும். ஷெரியையும் இதே யோசனையில்தான் முதிர்க்கிறார்கள், தரையில் இருக்கும் பழைய பீப்பாயில் இருந்து ஒரு பங்கு எடுத்து, மேல் வரிசை இளையதால் அதை நிரப்பி. சொலேரா முறை என்று பெயர். இரண்டு ஊர்களையும் பார்த்த பிறகு அந்த ஒற்றுமை எனக்குத் தானாகப் புலப்பட்டது. ஒரு சொட்டுக் காடியை நாக்கில் வைத்தபடி அந்தப் பரணில் நின்ற நேரம் என் பயணங்களில் மிகச் சந்தோஷமான ஒன்று. அதற்கு மதுவே தேவைப்படவில்லை.

ஐரோப்பாவின் பிரபலமான பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவைக்க மனமிருந்தால் ஜார்ஜியா நாட்டின் ககேதி. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மண்பாண்டத் துண்டுகளில் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயினின் தடயம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது அருங்காட்சியகச் செய்தியாக நின்றுவிடவில்லை, இன்றும் அங்கே மண்ணில் புதைத்த பெரிய தாழியில்தான் பல வீடுகளில் ஒயின் செய்கிறார்கள். குவெவ்ரி என்பார்கள். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். வெள்ளைத் திராட்சையையும் தோல், விதை, காம்போடு போட்டு மூடி, ஐந்தாறு மாதம் விட்டுவிடுவதால் ஒயின் தேன் நிறமாகிறது, வெள்ளை ஒயினில் நாம் எதிர்பார்க்காத துவர்ப்பும் சேர்கிறது. அந்தத் துவர்ப்பு முதல் வாயில் முகம் சுளிக்க வைக்கலாம். கத்தரிக்காயில் வால்நட் விழுதைச் சுருட்டிய பண்டத்தோடு குடித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் அங்கே மேசை நிறையும்: ராஜ்மா மாதிரிப் பயறு வகைகள், சீஸ் அடைத்த ரொட்டி, கீரையும் வால்நட்டும் அரைத்துப் பிடித்த உருண்டை. அங்கே விருந்தில் ஒரு தலைவர் இருப்பார். அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் எல்லோரும் குடிப்பார்கள். வாழ்த்து நீளமாக இருக்கும். முந்திக்கொள்ளாதீர்கள்.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அறுவடை நேரம்தான் அழகு என்று நினைத்து வடகோள நாடுகளுக்கு செப்டம்பரில் போகிறார்கள். தென்கோளத்தில் அது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அழகுதான், மறுக்கவில்லை, ஊரே திராட்சைச் சாறு வாசனை அடிக்கும். ஆனால் சின்னத் தோட்டக்காரருக்கு வருஷத்தின் மொத்த வரும்படியும் அந்த மூன்று வாரத்தில் இருக்கிறது. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் நாம் போய்க் கேள்வி கேட்க முடியாது. மே, ஜூனில் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்கும், பீப்பாயில் இருந்தே எடுத்துக் கொடுப்பார். சீஸ், காடி பார்க்க எந்த மாதமும் சரி. இத்தாலியில் ஆகஸ்ட் நடுவில் மட்டும் வேண்டாம், பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

சின்ன இடங்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதி நேரம் வாங்குங்கள். யார், எத்தனை பேர், ஒயினில் புதியவர் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஒருமுறை ஒரு பெரிய நிறுவனத்தின் சுற்றுலாவில் நாற்பது பேரோடு நடந்து, ஒலிபெருக்கியில் மனப்பாட உரையைக் கேட்டேன், கடைசியில் எங்களை விற்பனைக் கூடத்தில் விட்டுவிட்டார்கள். அதே வாரம் தனியாக எழுதிக் கேட்ட ஒருவர் தன் தோட்டத்து மண்ணைக் கையில் அள்ளி நொறுக்கிக் காட்டினார். நேரம் கொடுத்தவரிடம் ஓரிரு பாட்டில் வாங்குவது மரியாதை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மூக்கோடு பக்கத்தில் இருப்பவர் மூக்கும் கெட்டுப்போகும்.

ருசி பார்க்கத் தெரியாதே என்ற பயத்தை விடுங்கள். புளிப்பு எவ்வளவு, இனிப்பு இருக்கிறதா, ஈறில் துவர்ப்பு பிடிக்கிறதா, விழுங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்த நான்கை மட்டும் கவனியுங்கள். துவர்ப்பு என்று அதற்கென்றே ஒரு சொல் தமிழில் இருப்பது பெரிய வசதி. பல மொழிக்காரர்கள் அதைச் சுற்றி வளைத்துத்தான் விளக்குகிறார்கள். பழப் பெயர்களை அடுக்குவது பிறகு தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை. துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு களைத்திருக்கும்.

கார் ஓட்டுவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ருசி பார்த்த அன்று நீங்கள் ஓட்டவே கூடாது. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியில் பொதுவாக லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, ஹங்கேரியில் பூஜ்யம். மனைவி ஓட்டுவார் என்று முடிவு செய்துவிடாதீர்கள், அவருக்கும் அது விடுமுறை. ரயிலில் போகக்கூடிய பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். போர்ச்சுகலில், போர்ட்டோவில் இருந்து தோரு ஆற்றை ஒட்டிப் போசீஞ்ஞோ வரை போகும் ரயில் அதற்கே ஏற்றது. பலகைக்கல் மலையைப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். 1756இலேயே எல்லை வகுத்துச் சட்டம் போட்ட ஒயின் பகுதி அது. ஜெர்மனியில் மோசல் பள்ளத்தாக்குக்கும் ரயில் உண்டு.

சாப்பாட்டு நேரம் தெரியாமல் பசியோடு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரான்சின் சிற்றூர்களில் மதியம் 12 முதல் 2 வரைதான் அடுப்பு எரியும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே 2 மணிக்குத்தான் தொடங்கும், இரவு 9க்கு முன் உட்கார்ந்தால் கடையில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் வேலை நாட்களில் அன்றைய சாப்பாடு என்று கரும்பலகையில் எழுதியிருப்பதை வாங்குங்கள், ஊர்க்காரர்கள் சாப்பிடுவது அதைத்தான். திங்கட்கிழமை மீன் வேண்டாம். ஞாயிறு படகு போகாத ஊர்கள் அதிகம். எந்த ஊரிலும் முதல் நாள் காலை சந்தைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்று நடங்கள். எந்தக் காய் எல்லாக் கடையிலும் குவிந்திருக்கிறதோ அதுதான் அந்த வாரம் சாப்பிட வேண்டியது.

உங்கள் பட்டியலில் இருக்கும் பர்கண்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. க்ளோ தெ வூஜோ என்ற ஒரே மதிலுக்குள் இருக்கும் 50 ஹெக்டேர் தோட்டம் இன்று ஏறக்குறைய எண்பது பேர் கையில் துண்டு துண்டாக இருக்கிறது. சிஸ்டர்சியத் துறவிகள் கட்டிய மதில், பிரெஞ்சுப் புரட்சி, வாரிசுரிமைச் சட்டம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் அங்கே ஒயின் விலை அதிகம், வித்தியாசங்கள் மிக நுணுக்கமானவை. அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொண்டால் முழுதாக அனுபவிக்கலாம்.

இருவரும் சேர்ந்து ரசிக்க வேண்டும் என்றால் முதல் பயணம் எமிலியா-ரோமாஞ்ஞா. போலோஞ்ஞாவில் ஐந்து நாள், பார்மாவில் நான்கு நாள் அறை எடுங்கள். மீதி எல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். பால்பண்ணைக்கு மூன்றாம் நாள் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது விடியற்காலை எழுவது சிரமமாக இருக்காது. ஹெரெஸ்தான் இழுக்கிறது என்றால் செவீயாவில் இறங்கி ரயில் பிடியுங்கள், ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். மே மாதத்தில் அங்கே குதிரைத் திருவிழா ஒரு வாரம் நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். திரும்பும்போது மன்சனீயா பாட்டில் வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் திரவத்தைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.